விளம்பர இடைவேளையில் வந்த தண்ணீர்

ஒரத்தநாட்டில் ஒரு பம்புசெட் கடைக்குள், மைக்கின் மேல் ஈரத்துண்டைப் போர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தெருவில் போகும் லாரிச் சத்தம் உள்ளே விழாமல் இருக்கத் துண்டு. கடைக்கார பாய் அப்போதுதான் அதில் முகம் துடைத்திருந்ததால் ஈரம்.

நான் எழுதிக்கொண்டு போயிருந்த விளம்பர வரி இது: "உங்கள் வயலுக்கு உயிர் கொடுக்கும் நம்பிக்கையான பெயர்." பாய் அதைத் தூரத்தில் வைத்து ஒரு முறை, கிட்டே வைத்து ஒரு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"யாரும்மா உயிர் குடுக்கறது? மோட்டாரா? அதுக்கே கரண்டு வந்தாதான் உயிரு."

"விளம்பரம்னா அப்படித்தான் பாய் இருக்கும்."

"நான் பேசறேன். நீ பட்டனை அமுக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னக்கிக் காலையில வரைக்கும் தண்ணி தஞ்சாவூரைத் தாண்டல. ஒரத்தநாட்டுக்கு வர நாளாவும். அதுக்குள்ள அவசரம்னா நம்ம கடைக்கு வாங்க. அவசரம் இல்லன்னா தண்ணிக்கே காத்திருங்க, காசு மிச்சம்."

துண்டு என் கையிலிருந்து நழுவி அவருடைய டீக்குள் விழுந்தது. அவர் டீயைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். என் தலைக்குள் ஒரு மதகு திறந்துவிட்டது. சென்னையிலிருந்து வரும் ரேடியோ நிகழ்ச்சிகளில் எங்கள் ஊருக்கு இடமில்லை. ஆனால் விளம்பரத்தில் இருக்கிறது. விளம்பரம் மட்டும் இன்னும் இங்கேதான் தயாராகிறது. அப்படியானால் கால்வாய்த் தண்ணீர்ச் செய்தியை விளம்பரத்துக்குள் வைத்து அனுப்பிவிடலாமே.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்லூரி முடித்த கையோடு தஞ்சாவூரில் ஒரு தனியார் எப்.எம். நிலையத்தில் சேர்ந்தேன். வேகமாகப் பேசுவேன் என்பதுதான் என் ஒரே தகுதி. காலை நிகழ்ச்சி ஒன்றைக் கொடுத்தார்கள். பாட்டுப் போட வேண்டும், நேயர்களோடு பேச வேண்டும். நேயர்கள் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஆடு காணவில்லை என்றார்கள், பஸ் இன்னும் வரவில்லை என்றார்கள். ஷார்ஜாவிலிருக்கும் மகனுக்கு ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு, அது ஒலிக்கும்போது செல்போனை ரேடியோவின் வாயில் வைத்து அவனுக்குக் கேட்கவைத்த அம்மாக்கள் உண்டு. பாட்டு முடிந்ததும் என்னையும் லைனில் வைத்துக்கொண்டே, "கேட்டுச்சாடா? சரி, சாப்பிட்டியா?" என்பார்கள்.

கல்லணையைத் திறந்துவிட்டால் போதும், மற்ற எல்லாப் பேச்சும் நின்றுவிடும். "தண்ணி எங்க வருது?" என்பது மட்டும்தான் கேள்வி. கல்லணைக் கால்வாயில் புதுத்தண்ணீர் தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று இறங்கி, பேராவூரணிப் பக்கம் கால்வாய் முடிகிற கடைமடைக்குப் போய்ச் சேர நாட்கள் ஆகும். நான் அதைக் கிரிக்கெட் வர்ணனைபோல நடத்தினேன். முதல் தண்ணீர் சுத்தமாக வராது. ஒரு வருடத்துக் குப்பை முழுவதையும் தள்ளிக்கொண்டுதான் வரும். அதனால் ஒவ்வொரு பாலத்திலிருந்தும் ஒருவர் போன் செய்து முன்னணியில் இருப்பது யார் என்று சொல்வார். ஒரு வருடம் பூசணிக்காய் முன்னிலை வகித்தது. ஒரு வருடம் ஒற்றைச் செருப்பு. அதன் ஜோடி பின்னால் வருகிறதா என்று ஊரே காத்திருந்தது.

இதில் விளையாட்டு எங்களுக்குத்தான். என் சித்தப்பாவுக்கு இல்லை. அவர் நிலம் கடைமடையில், கடல் பக்கம். போர் போட்டால் உப்புத்தண்ணீர் வரும். கால்வாய்த் தண்ணீரை நம்பித்தான் நாற்றங்கால். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி ஒரு நாள் இருட்டில் வைத்தால் முளை கட்டிவிடும். முளை கட்டிய விதை காத்திருக்காது. அன்றைக்கே ஈர நிலத்தில் தெளித்தாக வேண்டும். முன்னால் ஊறவைத்தால் விதை போச்சு. தண்ணீர் வந்த பிறகு ஊறவைத்தாலோ, முறை வைத்து விடும் தண்ணீர் அதற்குள் அடுத்த வாய்க்காலுக்குத் திரும்பிவிடும். ஆகவே தண்ணீர் பட்டுக்கோட்டையைத் தாண்டியது என்று நான் சொன்னதும் சித்தப்பா அண்டாவை எடுப்பார். எங்கள் ஒலி அவர் ஊரில் மொட்டைமாடியில் மட்டும், அதுவும் காற்று சம்மதித்தால்தான் கிடைக்கும். அவர் ரேடியோவோடு ஏறுவார். சித்தி கீழே அண்டாவோடு நிற்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் நிலையத்தை ஒரு நிறுவனம் வாங்கியது. அந்த நிறுவனத்தை அதைவிடப் பெரிய ஒன்று வாங்கியது. சில காலம் கேட்டில் ஒரு பெயர், காவலாளி சட்டையில் ஒரு பெயர், நான் கொடுக்கும் விசிட்டிங் கார்டில் இன்னொரு பெயர். கடைசியில் எல்லா ஊருக்கும் ஒரே நிகழ்ச்சி, அது சென்னையிலிருந்து வரும் என்று முடிவானது. என் காலை நிகழ்ச்சி நின்றது. என்னை மட்டும் உள்ளூர் விளம்பரம் பதிவுசெய்ய வைத்துக்கொண்டார்கள். ஸ்டுடியோவில் ஒரு கணினி தானாக ஓடும். அதை நான் தொடக்கூடாது. அந்த அறையில் நானே முடிவெடுத்து நிறுத்தக்கூடியது மின்விசிறி ஒன்றுதான்.

சென்னைத் தொகுப்பாளர் நல்ல பையன். நேரம் மிச்சம் பிடிக்க ஒவ்வொரு ஊர் வணக்கத்தையும் ஒரே ஒருமுறை பதிவுசெய்து வைத்திருந்தார்கள். "வணக்கம் தஞ்சாவூர்" சொன்ன அன்று அவருக்குக் கடுமையான ஜலதோஷம். அதனால் தினமும் காலையில் எங்கள் ஊர் பெயரைச் சொல்லும்போது மூக்கு அடைத்திருக்கும், அடுத்த வார்த்தையில் குணமாகிவிடும். தஞ்சாவூர்க் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்கள் காவலாளி வருத்தப்பட்டார்.

பிறகு சென்னைப் போக்குவரத்து நிலவரம். எந்த சிக்னலில் நெரிசல், எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது என்று எங்கள் வயல்களுக்கு விவரமாகச் சொன்னார்கள். சென்னையைப் பார்த்தே இராத சித்தப்பா ஒருநாள் போனில், "வேலை விஷயமா மெட்ராஸ் போனா அண்ணாநகர் பக்கம் வேணாம் பாப்பா, சுத்திப் போயிடு" என்றார்.

பாய்க்குத்தான் இது பொறுக்கவே இல்லை. அவர் வளைகுடாவில் பல வருடம் இருந்து திரும்பியவர். "அங்க தமிழ் ரேடியோல எங்க ரோட்டு நெரிசலைத்தான் சொல்வாங்க, வண்டி ஓட்டற எனக்கு உதவும். அரபு நாட்டுல உக்காந்திருந்தப்ப எனக்கு உள்ளூர்ச் சேதி கெடச்சுது. ஒரத்தநாட்டுக்கு வந்தப்புறம் கெடைக்கல. இது என்னம்மா கணக்கு?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார், அந்த நிறுவனத்தை நான்தான் விற்றுவிட்டதுபோல.

ஆகவே டீயிலிருந்து துண்டை எடுத்துப் பிழிந்ததும் யோசனையைச் சொன்னேன். தண்ணீர் எங்கே வருகிறது என்று முதல் பாதியில் நான் சொல்வேன். பின்பாதியில் அவர் கடையைப் பற்றிச் சொல்வார். பாய் உடனே ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை.

"என் குரலுக்கு எதிரொலி வைக்கணும்."

"எதுக்கு பாய்? பம்புசெட் விளம்பரம்தானே."

"கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும்ல."

வைத்தேன். விளம்பரங்களை முதல்நாள் மாலையே சென்னைக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். அங்கே என் மேலதிகாரி கேட்டுவிட்டு அழைத்தார். "நல்லா இருக்கும்மா. தண்ணீர் வருது, வருதுன்னு ஒரு ஏக்கம். கவித்துவமா இருக்கு. ஆனா அந்த சிவப்பு நாற்காலி என்ன?"

அந்த வருடம் முன்னணியில் வந்தது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. கை ஒன்று உடைந்தது. தஞ்சாவூர் பாலத்தடியில் முதலில் பார்த்தவர் நிலையத்துக்கு நேரில் வந்தே சொல்லிவிட்டுப் போனார்.

"அது ஒரு குறியீடு சார்" என்றேன். அனுமதி கிடைத்தது.

மறுநாள் காலை "வணக்கம் தஞ்சாவூர்" என்று மூக்கடைப்போடு தொடங்கி, இரண்டு பாட்டு, ஒரு சென்னை நெரிசல், பிறகு விளம்பரத்தில் என் குரல்: "சிவப்பு நாற்காலி தஞ்சாவூரைத் தாண்டிவிட்டது." பின்னால் பாய் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். மதியத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. பாட்டு வந்தால் ஒலியைக் குறைத்து, விளம்பரம் வந்தால் கூட்டினார்கள். பாட்டு நிகழ்ச்சி நடத்தியபோதுகூட எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. சித்தப்பா போன் செய்தார். "பாப்பா, இனிமே எனக்குக் கவலை இல்ல. நீ பட்டுக்கோட்டைன்னா நான் விதையை ஊறப்போட்டுடுவேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறு சென்னை அலுவலகத்தில் அனுமதி தர ஆள் கிடையாது. தண்ணீருக்கு விடுமுறை கிடையாது. அதனால் மூன்று விளம்பரங்களை முன்கூட்டியே செய்து அனுப்பினேன். ஒன்றில் தண்ணீர் ஒரத்தநாட்டில். ஒன்றில் பட்டுக்கோட்டையில். மூன்றாவதில் கடைமடையைத் தொட்டாகிவிட்டது. எது உண்மையாகிறதோ அதை நான் போன் செய்து சொல்லும்போது போடுங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தேன். அதைப் படிக்க வேண்டியவர் வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போய்விட்டார். ஒரே கடைக்கு மூன்று விளம்பரம் இருப்பதைக் கணினி பார்த்தது. மூன்றுக்கும் சம வாய்ப்புக் கொடுத்தது.

சனிக்கிழமை காலை தண்ணீர் ஒரத்தநாட்டில் இருந்தது. இரண்டு பாட்டு கழித்துப் பட்டுக்கோட்டைக்குப் போனது. ஒரு நகைச்சுவைத் துணுக்குக்குப் பின் கடைமடையை அடைந்தது. அடுத்த இடைவேளையில் மறுபடி ஒரத்தநாட்டுக்குத் திரும்பியது. டவுன் பஸ்போல நாள் முழுவதும் போய்ப் போய் வந்தது. நாற்காலியும் கூடவே. சென்னைக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோபத்தில் மின்விசிறியை நிறுத்தினேன், வியர்த்தது, மறுபடி போட்டேன்.

ஒரத்தநாட்டுக்காரர்கள் கால்வாயை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பாய் அழைத்தார். "என்னம்மா, நம்ம நாற்காலிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" நான் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் சித்தப்பா ஞாபகம் வந்தது.

அவருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சித்தி. "சித்தப்பா கொல்லையில இருக்காரு. மாடியில கேட்டாரு, தண்ணி கடைமடையைத் தொட்டுருச்சுன்னு. நம்ம வாய்க்காலுக்கு ரெண்டு நாள்ல வந்துரும்னு உடனே மூட்டையைப் பிரிச்சு ஊறப்போட்டாச்சு. ஒனக்கு ஆயுசு நூறு, இப்பதான் சொன்னாரு, நம்ம பாப்பா குரல் நல்லா கணீர்னு இருந்துச்சுன்னு."

மூன்று விளம்பரத்தில் காற்று அவர் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது மூன்றாவதை மட்டும்தான்.

சித்தப்பா லைனுக்கு வந்ததும் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "குரல் ஒன்னுதுதானே பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"குரல் என்னுதுதான் சித்தப்பா. நேரம்தான் என்னுது இல்ல."

ஊறிய விதையைத் திரும்பக் காயவைக்க முடியாது. ஞாயிறு சாக்கில் கட்டினார்கள். திங்கள் காலை முளை எட்டிப் பார்த்துவிட்டது. உண்மையான தண்ணீர் அப்போதுதான் பட்டுக்கோட்டைக்கு மேலே எங்கேயோ நாற்காலியை உருட்டிக்கொண்டிருந்தது. குளம் வறண்டு கிடந்தது. விதை தப்புமா தப்பாதா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில் சித்தப்பா செய்த காரியம், சென்னைக்கே போன் போட்டது. கட்டணமில்லாத எண், தினமும் ரேடியோவில் சொல்கிறார்கள், கூப்பிட்டால் என்ன என்று கூப்பிட்டுவிட்டார். அது, காலையில் வணக்கம் சொல்லும் அதே தொகுப்பாளர் மனக்குழப்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் நிகழ்ச்சி. நான் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"வணக்கம் சார், மனசுல என்ன கஷ்டம், சொல்லுங்க."

"மொதல்ல ஒங்களுக்கு ஜலதோஷம் எப்படிங்க இருக்கு?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லையே சார்."

"தினம் காலையில இருக்கே. தூதுவளை ரசம் வச்சுக் குடிங்க. சரி, தண்ணி எங்க வருது?"

"தண்ணியா? உங்க ஏரியாவுக்கு வரலையா?"

"வந்துருச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. இங்க வரல. மொளை விட்டுருச்சு."

தொகுப்பாளருக்கு முளை எங்கே விட்டது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. சென்னையில் தண்ணீர் வரவில்லை என்றால் ஒருவர் என்ன செய்வாரோ அதையே அக்கறையாகச் சொன்னார். "கவலைப்படாதீங்க சார். தண்ணி லாரிக்குச் சொல்லிவிடுங்க. வந்து ஊத்திட்டுப் போயிடுவாங்க." பிறகு சித்தப்பாவுக்காக ஒரு மழைப்பாட்டுப் போட்டார்.

காவேரிப் பாசனத்துக்கு லாரித் தண்ணீர். காவலாளி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். நானும் பாயை அழைத்துச் சிரித்தேன். பாயும் நன்றாகச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"ஏம்மா, அந்தப் பையன் சொன்னது சரிதானே."

"என்ன பாய்?"

"நாற்றங்கால் எவ்வளவு பெரிசு? நாலு சென்ட்டு இருக்குமா? ஒரு லாரி போதுமே. தண்ணி வந்துருச்சுன்னு யார் விளம்பரத்துல சொன்னோம்? என் விளம்பரத்துல. விளம்பரத்துல சொன்ன சரக்கைக் கொண்டுபோய்க் குடுக்கலன்னா நான் என்ன கடைக்காரன்?"

பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவர்தான் மோட்டார் போட்டுக் கொடுத்திருந்தார். மண்டபத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரியைக் கேட்டு வாங்கிவிட்டார். நான் பஸ் பிடித்துப் பட்டுக்கோட்டை போய் லாரியில் பாய்க்கும் ஓட்டுநருக்கும் நடுவே ஏறிக்கொண்டேன். முன்கண்ணாடிக்கு மேல் "நல்வரவு" என்று எழுதியிருந்தது. முந்தின முகூர்த்தத்துக்குக் கட்டிய மாவிலை இன்னும் காய்ந்து தொங்கியது.

ஊர் எல்லையில் கூட்டம். விளம்பரத்தைக் கேட்டு, வாய்க்காலில் தூவ வாங்கிய பூ எல்லார் வீட்டிலும் சனிக்கிழமையிலிருந்து வாடிக்கொண்டிருந்தது. இனியும் வைத்திருக்க அவர்களுக்கு மனமில்லை. லாரியின் மேல் தூவினார்கள். ஒருவர் சக்கரத்துக்கு முன் தேங்காய் உடைத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். தினமும் கை கழுவத் தண்ணீர் கொண்டுபோகிற ஓட்டுநர் இப்படி ஒரு மரியாதையைப் பார்த்ததில்லை. ஜன்னல் வழியே கும்பிட்டுக்கொண்டே வந்தார். சித்தி ஆரத்தித் தட்டோடு நின்றார். ஆனால் யாருக்கு எடுப்பது என்று தெரியாமல் டேங்கரின் குழாய்க்கு எடுத்தார்.

குழாயை வரப்பில் இழுத்து நாற்றங்காலில் விட்டோம். மண் அதை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிச் சேற்றைக் காலால் மிதித்துப் பார்த்தார். பலகை இழுத்துச் சமன்செய்து, கொஞ்ச நேரம் தெளியவிட்டு, விதையைத் தெளித்தார். பிறகு கரையேறி வந்து பாயிடம் சொன்னார்: "ஒங்க குரலு நேர்ல அவ்வளவு ஆழமா இல்லீங்க."

"அது எதிரொலிங்க" என்றார் பாய், கொஞ்சம் வெட்கமாக.

சில நாள் கழித்து உண்மையான தண்ணீர் வந்தது. நாற்காலியும் வந்தது. இரண்டாவது கையையும் வழியில் எங்கோ இழந்திருந்தது. சித்தப்பா அதை எடுத்துக் கழுவி மாடியில் ரேடியோவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நாற்று பச்சையாக எழுந்துவிட்டது.

சென்னையிலிருந்து என்னை அழைத்தபோது வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மேலதிகாரி உற்சாகமாக இருந்தார். திங்கட்கிழமை வந்த அழைப்புகள்போல எப்போதும் வந்ததில்லையாம். "தண்ணீரைத் தனி நிகழ்ச்சியாவே பண்ணிடலாம்மா."

நான் நாட்காட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன். "என்னைக்கு ஆரம்பிக்கட்டும் சார்?"

"நீ இல்லம்மா. இங்கேருந்தே பண்ணிடுவோம். எல்லா ஊருக்கும்."

பண்ணினார்கள். தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்து நெடுநாள் ஆன பிறகும், தண்ணீர் எங்கே வருகிறது என்று கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் சென்னைத் தொகுப்பாளர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா அழைத்து, அந்த நாற்காலிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாராம்.

நான் சும்மா இருக்கவில்லை. தப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முன்கூட்டிப் பதிவுசெய்வதுதான் தப்பு. நிறுவனத்தின் விதிமுறைகளைத் துருவிப் படித்ததில் "நேரலை விளம்பரம்" என்று ஒன்று இருந்தது. விளம்பரதாரர் தன் கடையிலிருந்து போனிலேயே பேசலாம். முன்னனுமதி தேவையில்லை. யாரும் இதுவரை கேட்காததால் அதை நிறுத்தவும் யாருக்கும் தோன்றவில்லை. பாய்க்காக நான் கேட்டேன். அவருடைய கடை எங்கே முடிகிறது என்று அவர்கள் கேட்கவில்லை.

இப்போது அறுவடை வருகிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் எங்கே சாக்கு இருக்கிறது, எங்கே வரிசை நீளம், மேகம் எந்தப் பக்கம் கறுக்கிறது, ரோட்டில் நெல் காயப்போட எந்தப் பக்கம் இடம் காலி என்பதுதான் இனிக் கேள்வி. திங்கட்கிழமை காலை, பாய் ஒரத்தநாடு கொள்முதல் நிலைய வாசலில் போனோடு நின்றுகொண்டு தார்ப்பாய் விற்கப் போகிறார். தார்ப்பாயை இதற்காகவே புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறார். எதிரொலி கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஒரு பிளாஸ்டிக் குடத்தை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சித்தப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாராம். ஆனால் கேட்டு முடித்ததும் எனக்குப் போன் போட்டு, நேரமும் என்னுடையதுதானா என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் நெல் மூட்டையைத் தொடுவாராம்.